ஒரு பல்லும் முந்நூற்று இருபத்தைந்தாம் பிரிவும்

7-2-1979, புதன்

பாஸ்! தபால்காரர் பரீட்சையில் பாஸ்.

போஸ்ட்மாஸ்டர் ரகுபதி சார் பட்டியலை இரண்டு முறை வாசித்தார். நான் கேட்டுக்கொண்டதால் மூன்றாவது முறையும் வாசித்தார். லூர்துராஜ் என்ற பெயர் அச்சில் இவ்வளவு லட்சணமாக இருக்கும் என்று இதுநாள் வரை எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் பகுதி நேர ஆளாகச் சைக்கிள் மிதித்தாயிற்று. இனி ஒரு படிவம்தான் பாக்கி. அதைப் பூர்த்தி செய்து கொடுத்தால் நிரந்தரம். ஜூன் மாதம் வருமாம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கிளாரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து அதே கையால் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். சாயங்காலத் தபால் கட்டு கட்டும்வரை முகமெல்லாம் ஏரிக் கெண்டை வாடை. கழுவிக்கொள்ள மனசு வரவில்லை.

9-2-1979

விசேஷம் ஒன்றுமில்லை. பின் சக்கரம் பஞ்சர். இரண்டு மைல் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்போதும் சந்தோஷமாகவே இருந்தது.

12-2-1979, திங்கள்

எப்படி எழுதுவது?

கோதண்டராமனை அடித்துவிட்டேன். இல்லை — அடிக்கவில்லை, தள்ளினேன். அவருக்குப் பல் போய்விட்டது.

வரிசையாக எழுதுகிறேன். பதினோரு மணி இருக்கும். அவருடைய பம்ப்செட் வழியாகத்தான் தினமும் போவேன். தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். "எறங்குடா" என்றார். இந்த ஊரில் என்னை யாரும் 'டா' போட்டதில்லை.

விஷயம் இதுதான். அவர் மகள் லீலாவுக்கு வாலாஜாபாத் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். போன வாரம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பெண் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் தாங்கள் அளவுக்கு மீறிப் பேசுகிறீர்கள், ஆகவே மேற்கொண்டு பேச உங்கள் வீட்டிலிருந்து வேறு பெரியவர் யாராவது வந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்களாம். எப்படியோ அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் சிரித்தார்கள், டீக்கடையில் சிரித்தார்கள். நிஜத்தைச் சொன்னால் நானும் சிரித்தேன்.

"எங்க வூட்டுக் கடுதாசியப் பிரிச்சுப் படிச்சிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறியா?"

"நான் யாரு கடுதாசியையும் பிரிச்சதில்ல அண்ணே. மாதா மேல சத்தியம்."

அவர் பையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. பை பிரிந்து நாலைந்து கடிதங்கள் வாய்க்கால் பக்கம் சரிந்தன. ஒரு கையை அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். சேற்றில் வழுக்கி, தொட்டி விளிம்பில் வாய் மோதி விழுந்தார்.

நான் முதலில் கடிதங்களைத்தான் பொறுக்கினேன். அப்புறம்தான் மனுஷனைத் தூக்கினேன். அது மனச அறுத்துக்கினே கீது.

13-2-1979

காலையில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். ஏட்டு தங்கமான மனிதர். பேனாவைத் துடைத்துக்கொண்டே விளக்கினார்.

"தள்ளினியோ அடிச்சியோ, சாதாக் காயம்னா முந்நூத்தி இருவத்தி மூணு. பல்லு உழுந்துட்டா முந்நூத்தி இருவத்தஞ்சு. கொடுங்காயம்."

"ஒரு பல்லுக்கா சார்?"

"சட்டத்துல எலும்பும் பல்லும் ஒண்ணுய்யா."

ஜாமீனில் விடக்கூடிய குற்றமாம். ரகுபதி சாரும் என் மச்சான் சாலமோனும் கையெழுத்துப் போட, மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாளுக்கு மேல் உள்ளே இருந்திருந்தால்தான் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்களாம். அதனால் நாளையிலிருந்து பழையபடி பையைத் தூக்கலாம் என்றார் ரகுபதி சார்.

கடிதத்தை யார் கையில் கொடுத்தாய் என்று ஏட்டு கேட்டார். வீட்டில் கொடுத்தேன் என்றேன். லீலாவின் கையில்தான் கொடுத்தேன். அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் முகம் சிவந்து உள்ளே ஓடிவிட்டாள். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பெண். அவள் பெயரை எதற்கு ஸ்டேஷன் நோட்டில் ஏற்றுவது?

14-2-1979

கிளாரா எங்கேயோ விசாரித்து வந்திருக்கிறாள். முந்நூற்று இருபத்தைந்துக்கு ஏழு வருஷம்வரை போடலாமாம். "ஒரு பல்லுக்கு ஏழு வருஷம். அந்தாளு வாயில இன்னும் முப்பத்தொண்ணு கீதே!" என்று அழ ஆரம்பித்தவள், தான் சொன்னதைத் தானே கேட்டுச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

17-2-1979, சனி

ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் ராஜாமணியைப் பார்த்தேன். வெற்றிலை போட்ட வாய், எதையும் ஒரு சிரிப்போடு சொல்கிறவர்.

ஏழு வருஷம் என்பது உச்ச வரம்பு, உனக்கு அப்படியெல்லாம் வராது என்றார். உயிர் திரும்பி வந்தது. பிறகு சொன்னார்: "ஆனா ஒரு நாள் தண்டனையானாலும் தபால் இலாகா உன்னை எடுக்காது. வழக்கு நடந்துகிட்டிருந்தாலே படிவத்துல எழுதணும்."

"எழுதாம வுட்டா?"

"மறைச்சதுக்காகவே வேலை போகும்."

மறுபடி போன உயிர் இன்னும் வரவில்லை.

அவரிடம் ஒரு யோசனை இருந்தது. "நீ காக்கிச் சட்டையில, சர்க்கார் பையோட டூட்டியில இருந்தே. அவன் மேல கை வச்சான். முந்நூத்தி அம்பத்தி மூணு. ஒரு எதிர்ப் புகார் போடு, ஓடி வந்து கால்ல விழுவான்."

போட்டால் பிற்பாடு திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். அந்தப் பிரிவில் ராஜியே கிடையாதாம். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிற வீடு. வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

24-2-1979

ஊர் எவ்வளவு விசித்திரமானது! ஒரு முறை ஸ்டேஷனுக்குப் போய் வந்ததும் நான் சட்டம் படித்தவன் ஆகிவிட்டேன்.

இன்று மட்டும் மூன்று பேர். இட்லிக்கடை முனியம்மாள் பாதி விலைக்கு ஒரு பித்தளை அண்டா வாங்கியிருக்கிறாள். அது திருட்டு அண்டாவாக இருந்தால் தன்னைப் பிடிப்பார்களா? பாப்பம்மாளின் கோழியை அவள் புருஷன் கேட்காமலே விற்றுவிட்டான். புருஷன் எடுத்தால் திருட்டாகுமா? டீக்கடையில் ஒருவர், தூக்குப் போடும்போது கயிறு அறுந்தால் ஆளை விட்டுவிடுவார்களாமே, உண்மையா என்று கேட்டார்.

எனக்கென்ன தெரியும்? ஆனால் முகத்தைக் கோணாமல், "கேட்டுச் சொல்றேன்" என்றேன். மூன்றையும் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

5-3-1979

வக்கீலிடம் கேட்டுவந்தேன். பதில்களை இன்று விநியோகித்தேன்.

அண்டா: திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால்தான் குற்றம். ஆனால் பாதி விலைக்குக் கொடுத்தபோது உனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்பார்கள். முனியம்மாள் அண்டாவைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாளாம்.

கயிறு: தீர்ப்பிலேயே சாகும்வரை என்றுதான் எழுதுவார்கள். அறுந்தால் வேறு கயிறு. டீக்கடைக்காரருக்கு இதில் ஏமாற்றம்.

கோழி: கோழி பாப்பம்மாளின் சொந்தக் கோழியானால், புருஷனே ஆனாலும் திருட்டுதான். இதைக் கேட்டு அவள் முகத்தில் வந்த பிரகாசம்! மத்தியானம் அவள் புருஷன் என்னை வழிமறித்தான். "அதுக்கு முன்னாடி ஒண்ண அறுத்துத் துன்னுட்டேன். அவளும் கொழம்பு ஊத்திக்கினா. அப்ப அவளும் கூட்டாளிதானே?" இந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளவில்லை. சைக்கிளில் ஏறிச் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

16-3-1979, வெள்ளி

என் நிலைமையில் ஒரு கொடுமை உண்டு. கோதண்டராமன் வீட்டுக்கும் கடிதம் வரத்தானே செய்கிறது! தினமும் அந்த வாசலில் மணி அடிக்கிறேன். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். பேசினால் முன்பல் ஓட்டை தெரியும் என்று பேச்சையே நிறுத்திவிட்டாராம். அவர் மனைவி அம்சவல்லிதான் வந்து வாங்கிக்கொள்வார்.

இன்று அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பல்லு தை மாசத்துலேர்ந்தே ஆடிக்கினு இருந்தது தம்பி. புடுங்கிக்கோன்னு நானே எத்தினி வாட்டி சொன்னேன். கேட்டாத்தானே?"

17-3-1979

ஆடின பல் விஷயத்தைச் சொன்னதும் ராஜாமணி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அந்த அம்மாளைச் சாட்சிக் கூண்டில் ஏற்று என்கிறார். புருஷனுக்கு எதிராகப் பெண்டாட்டியா? முடியாது என்றேன். "சரி, கடிதத்தை யார் கையில கொடுத்தே? வீட்டுலன்னா யாரு? பொண்ணா? அவளைக் கூப்பிடு!" அதுவும் முடியாது என்றேன்.

"ஏம்பா, நீ வழக்கை ஜெயிக்க வந்தியா, தோக்க வந்தியா?"

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வேலையும் வேணும். அந்த வாசல்ல போய்த் தலை நிமிர்ந்து மணியும் அடிக்கணும். ரெண்டும் கேட்டா தப்பா?

31-3-1979, சனி

தவக்காலம். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நீ குற்றவாளியா என்று நீதிபதி கேட்கும்போது இல்லை என்று சொன்னால் பொய்யாகுமா என்று சாமியாரிடம் கேட்டேன்.

"தள்ளினது உண்டா?"

"உண்டு சாமி."

"பல்ல ஒடைக்கணும்னு தள்ளினியா?"

"இல்ல சாமி. பையக் காப்பாத்த."

"அப்ப அதத்தான் சொல்லணும்" என்றார். பிறகு, தன் கறுப்புக் குடையை இரவல் வாங்கிப்போனவர் ஆறு மாதமாகத் தரவில்லை, அது எந்தப் பிரிவில் வரும் என்று கேட்டார்.

3-4-1979, செவ்வாய்

முதல் வாய்தா. ஒரே பஸ்ஸில் நான் முன்னால், கோதண்டராமன் பின்னால்.

கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு 'எதிரி' என்று பெயர். டவாலி சேவகர் வாசலுக்கு வந்து, "எதிரி லூர்துராஜ்! எதிரி லூர்துராஜ்! எதிரி லூர்துராஜ்!" என்று மூன்று தரம் கூவினார். யாருக்கு எதிரி? எனக்குத் தெரிந்து என்னை எதிரியாக நினைப்பவை ஓரகடம் சாலையிலுள்ள இரண்டு நாய்கள்தான்.

குற்றச்சாட்டை வாசித்துக் கேட்டார்கள். "தள்ளினது நெசம் ஐயா. காயப்படுத்தணும்னு தள்ளல. குற்றவாளி இல்ல" என்றேன். ராஜாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்து எழுதிக்கொண்டார்.

12-4-1979, பெரிய வியாழன்

லீலா வரப்போரம் எனக்காகக் காத்திருந்தாள்.

"போஸ்ட்மேன் அண்ணே, ஒரு சட்டம் கேக்கணும்."

"கேளும்மா."

"தன் பேருக்கு வராத கடுதாசிய ஒருத்தங்க பிரிச்சுட்டா ஜெயிலா?"

சைக்கிளை நிறுத்தினேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குத் தன்னைப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பிரித்திருக்கிறாள். படித்ததும் சிரிப்பு தாங்கவில்லை. சிநேகிதி காந்திமதியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். காந்திமதி அதைக் குழாயடியில் சொல்லிவிட்டாள். பிரித்த கடிதத்தை இவள் சோற்றுப் பருக்கையால் ஒட்டி அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். அப்பா பார்த்தபோது ஒட்டின இடம் ஈரமாக இருந்திருக்கிறது.

"ஜெயிலெல்லாம் இல்ல. உங்கப்பா கடுதாசி, உங்கப்பா மனசு. கோர்ட்டுக்கு அங்க வேல இல்ல."

"உங்க வேல போயிடும்னு அம்மா சொல்றாங்க."

"அது என் பாடு. நான் உன் பேர யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

அழுதாள். எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது. மணியை இரண்டு முறை சும்மா அடித்துவிட்டுக் கிளம்பினேன்.

15-4-1979, ஞாயிறு, ஈஸ்டர்

நேற்று வருஷப் பிறப்பு. அம்சவல்லியம்மா கடிதம் வாங்கிக்கொள்ளும்போது வடையும் பாயசமும் கொடுத்தார். கோதண்டராமன் பார்த்தும் பார்க்காத மாதிரி எருமையைத் தடவிக்கொண்டிருந்தார். இன்று கிளாரா கறிக்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. யார் சாப்பிட்டது என்று கேட்டதற்கு, "எலும்பத் தவிர எல்லாம் அவருதான்" என்றாராம் அந்த அம்மாள்.

24-4-1979, செவ்வாய்

இரண்டாவது வாய்தா. பஸ்ஸில் வல்லக்கோட்டைக்குப் போய்த் திரும்பும் காவடிக் கூட்டம். ஒரே ஒரு சீட்டில் இடம் இருந்தது. நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில்.

ஓரகடம் தாண்டினோம். பிறகு துண்டை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "எல்லாருக்கும் சட்டம் சொல்றியாமே. எனுக்கு ஒண்ணு சொல்லுவியா?"

"கேளுங்கண்ணே."

"கேஸு குடுத்தவனே கோர்ட்டுக்குப் போவலேன்னா புடிச்சினு போவாங்களா?"

"சம்மன் வாங்கினு போவலேன்னா வாரண்டு உண்டு."

"அடச்சே" என்றார். அவருக்கு ஏர் ஓட்டும் வேலை கெடுகிறதாம். கோர்ட்டில் மணி நாலுக்கு வேறு தேதி போட்டார்கள். திரும்பும்போது அவரே எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். துண்டை விரித்து.

6-5-1979, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கோதண்டராமன் வாசலில் நிற்கிறார். பின்னால் அம்சவல்லியம்மா. அவருக்குப் பின்னால் முகம் வீங்க அழுதிருந்த லீலா. கிளாரா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டா" என்றார் கோதண்டராமன். "எல்லாத்தயும் சொல்லிட்டா. நீ இன்னாத்துக்குய்யா சொல்லல? போலீசு கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"பொண்ணு பேருண்ணே. கல்யாணப் பேச்சு நடக்குது."

அவர் உட்கார்ந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்க லூர்து" என்றார். நானும் மன்னிப்புக் கேட்டேன். கடிதங்களை முதலில் பொறுக்கியதற்கு.

"அத்தெப்படி? நீ போஸ்ட்மேனு. அதத்தான் பொறுக்கணும்" என்றார்.

நாளைக்கே கேஸை வாபஸ் வாங்கிவிடுகிறாராம். கிளாரா காப்பியில் இரண்டு தரம் சர்க்கரை போட்டுவிட்டாள். யாரும் சொல்லவில்லை, எல்லாரும் குடித்தோம்.

8-5-1979

வாபஸ் வாங்க முடியாது!

கோதண்டராமனையும் கூட்டிப் போயிருந்தேன். ராஜாமணி பொறுமையாகச் சொன்னார். புகார் கொடுப்பதோடு அவருடைய பங்கு முடிந்தது. குற்றப்பத்திரிகை ஆனபிறகு வழக்கை நடத்துவது சர்க்கார். கோதண்டராமன் இப்போது வெறும் சாட்சி.

"அடி வாங்கனவன் நானு. பல்லு என்னுது. நானே வோணாங்கறேன். நடுவுல சர்க்காரு இன்னாத்துக்கு?"

"பணமுள்ளவன் அடிச்சிட்டு ஏழையை மிரட்டி வாபஸ் வாங்க வச்சிடக் கூடாதில்ல, அதுக்குத்தான்."

இதைக் கேட்டு எனக்கே சட்டத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. என் கேஸிலா வர வேண்டும் அந்த மரியாதை?

ஒரு வழி உண்டாம். காயம்பட்டவர் ராஜி மனு போடலாம். முந்நூற்று இருபத்தைந்துக்கு நீதிபதியின் அனுமதி வேண்டும். அனுமதித்தால் அது விடுதலைதான், தண்டனை இல்லை. ஜூன் ஐந்தாம் தேதி வாய்தா. மனு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மத்தியானம் கோர்ட்டு வேப்பமரத்தடியில் அம்சவல்லியம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். ராஜாமணி அதைப் பார்த்துவிட்டு, "இருபது வருஷ பிராக்டீஸ்ல இதைப் பார்த்ததில்லய்யா" என்றார்.

5-6-1979, செவ்வாய்

கெட்டது போ.

மனுவைக் கொடுப்பதற்குமுன் கோதண்டராமனைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லி ராஜாமணி ஆயிரம் தரம் சொல்லியிருந்தார். நாலு மாதமாகத் துண்டால் மூடியிருந்த வாய் திறந்துகொண்டது. "ஒண்ணுமே நடக்கல சாமி! இவரு என்னத் தொடவே இல்ல. நானா வழுக்கி உழுந்தேன். பல்லு தானா உழுந்துச்சு. போஸ்ட்மேனு அன்னிக்கு அந்தப் பக்கமே வரல!"

நீதிபதி பேனாவை வைத்தார். "அப்படியானால் நீர் கொடுத்தது பொய்ப் புகார். அதற்குத் தனி வழக்கு உண்டு தெரியுமா? சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வதற்கும் உண்டு. பதினைந்து நாள் தருகிறேன். யோசித்துவிட்டு உண்மையைச் சொல்லும்."

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப நான் எதிரியா லூர்து?" என்றார். ராஜாமணி முதல் முறையாகச் சிரிக்காமல், "வாயைக் கட்டுய்யா" என்றார்.

வாங்கிக் கொடுத்த சோடாவை அவர் குடிக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தானே அந்த மனுஷன் உளறினார்? அவர் உள்ள போயிட்டா அந்தப் பொண்ணு கல்யாணம்?

9-6-1979

படிவம் வந்துவிட்டது. ஒன்பதாவது கேள்வி: தங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நடந்துள்ளதா, நிலுவையில் உள்ளதா? முப்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதிவிட்டு ஒன்பதை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

18-6-1979

நாளைக்கு வாய்தா. கோதண்டராமன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று பழகினார். அம்சவல்லியம்மா நீதிபதி. கிளாரா சர்க்கார் வக்கீல். லீலா, அப்பா ஒரு வார்த்தை அதிகம் பேசினால் தட்டில் கரண்டியால் தட்ட வேண்டும். பதினோரு தரம் தட்டினாள். கடைசியில் எல்லாரும் சிரித்துச் சிரித்து, எதைச் சொல்ல வந்தோம் என்று சாட்சிக்கே மறந்துபோயிற்று.

19-6-1979, செவ்வாய்

விடுதலை!

எழுதியே தீர வேண்டும், ஒரு வார்த்தை விடாமல்.

கோதண்டராமன் கூண்டில் ஏறினார். துண்டு இல்லை. ஓட்டைப் பல்லோடு நிமிர்ந்து நின்றார். "போன வாட்டி நான் சொன்னது பொய்யிங்க. பயத்துல இல்ல, அன்புல சொன்னேன். நெசம் இன்னான்னா, நான்தான் மொதல்ல பையப் புடிச்சு இழுத்தேன். அவரு தள்ளினாரு. உழுந்தேன். பல்லு முன்னமே ஆடிக்கினு இருந்தது. கோவத்துல அத நான் போலீசுல சொல்லல."

சர்க்கார் வக்கீல் எழுந்து, இது கொடுங்காய வழக்கு, சாட்சி மாற்றி மாற்றிப் பேசுகிறார், ராஜிக்கு அனுமதிக்கக் கூடாது என்றார்.

நீதிபதி கேட்டார்: "ராஜியாகச் சொல்லி யாராவது உம்மை மிரட்டினார்களா?"

"ஆமாங்க."

ராஜாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"யார்?"

"என் பொண்டாட்டிங்க. ராஜியாவாம வூட்டுக்கு வந்தா சோறு இல்லேன்னுட்டா."

சேவகர் 'சைலன்ஸ்' என்று கத்த வேண்டியதாயிற்று. கத்தியவரே சிரித்துக்கொண்டிருந்தார். நீதிபதி முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "எதிரியின் மேல் உமக்கு இப்போது வருத்தம் ஏதும் இல்லையே?" என்று கேட்டார்.

"எதிரி இல்லீங்க சாமி" என்றார் கோதண்டராமன். "அவரு எங்க போஸ்ட்மேனு."

நீதிபதி, சாட்சி தாமாகவே திருத்திக்கொண்டதால் அவர்மேல் நடவடிக்கை இல்லை, ராஜி அனுமதிக்கப்படுகிறது, லூர்துராஜ் விடுதலை என்று சொன்னார். குனிந்து எழுதிக்கொண்டே, "அந்த ஓட்டையை அடைத்துக்கொள்ளும் ஐயா" என்றார்.

கிளாரா மைல்கல் வரைக்கும் நடந்து வந்து பஸ்ஸை எதிர்பார்த்து நின்றிருந்தாள். நான் ஜன்னலிலிருந்து சொல்வதற்குள் பின் சீட்டிலிருந்து கோதண்டராமன் கத்திவிட்டார். சொல்லும் பாக்கியத்தையும் பறித்துக்கொண்டார். பரவாயில்லை.

26-6-1979

ஒன்பதாவது கேள்விக்கு எழுதினேன்: "ஒரு வழக்கு நடந்தது. நிலுவையில் இல்லை. விடுதலை." தீர்ப்பு நகலை இணைத்தேன். கட்டம் போதாததால் கடைசி வார்த்தை வெளியே வந்துவிட்டது. ரகுபதி சார், இருக்கட்டும் என்றார்.

7-8-1979

ஆர்டர் வந்துவிட்டது. தண்டலம் பக்கம் போடுகிறார்கள். நிரந்தரம்! அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. கிளாரா ஆறு தோசை வார்த்தாள்.

6-9-1979, வியாழன்

லீலா கல்யாணம். மாப்பிள்ளை நல்ல களையான பையன், சிரித்த முகம். கோதண்டராமன் தாலி கட்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிய மறுநிமிஷம் ஆரம்பித்தார். சம்பந்தி ரசத்தில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

11-10-1979, வியாழன்

கோதண்டராமன் வாலாஜாபாத்துக்கு மகளைப் பார்க்கப் போகிற வழியில் தண்டலத்தில் இறங்கி ஆபீசுக்கு வந்தார். தங்கப் பல் கட்டியிருக்கிறார். அதைக் காட்டவே வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்போது ஜன்னலருகே ஒருவர் ஸ்டாம்பு வாங்க வந்தார். பக்கத்துப் பேட்டையில் நெசவு வேலை செய்பவராம். கையில் சம்மன். பங்காளியோடு வாய்த் தகராறு, தள்ளுமுள்ளு, கேஸ். சோறு இறங்கவில்லை என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் கோதண்டராமன் அவரைப் பிடித்து பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டார்.

"இன்னாத்துக்கு பயப்படற? எங்க கேஸு தெரியுமா உனுக்கு? முந்நூத்தி இருவத்தஞ்சு! உன்னுது வெறும் முந்நூத்தி இருவத்தி மூணு. எங்க கேஸுல ஜட்ஜய்யா இன்னா சொன்னாருன்னா..."

கால் மணி நேரம் ஓடியது. அந்த மனிதர் முகம் தெளிந்து, சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். பிறகு கேட்டார்: "உங்க கேஸுல அடிச்சவரு யாருங்க, அடி வாங்கனவரு யாருங்க?"

கோதண்டராமன் என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது?" என்றார். "நாங்க சேந்துதான் போனோம், சேந்துதான் வந்தோம்."

நான் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை, திருத்தவும் இல்லை.